அறுநூறு ரூபாய் போனும் ‘பாக்கலாம்’ என்ற சொல்லும்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் போன் ஷோரூமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள், கொஞ்சம் உற்சாகமாக இருக்கட்டும் என்று கேட்டார்கள். நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தேன். உற்சாகம் வரவில்லை. பதினாறு வருடம் அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். வாங்கிய பாராட்டுச் சான்றிதழ்களை எல்லாம் மனைவி மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். பரணில் போட முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு, இந்த ஆளிடம் ஏன் கேட்டோம் என்று மேலிடத்தில் நினைத்தால் அது அவர்கள் பாடு.

சிம் போடுவது, விரல்ரேகை வைப்பது, பில் போடுவது எல்லாம் உங்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். என்னைவிட வேகமாகச் செய்வீர்கள். வராதது ஒன்றுதான். எதிரில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்து, இது நடக்காது என்று சொல்வது. எனக்குப் பதினாறு வருடத்தில் வரவில்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஏரியா மேனேஜர். பெயர் வேண்டாம். நல்ல மனிதர், என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்து பந்தல் வேலை பார்த்தவர். அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் இது.

“கவுன்ட்டர்ல குந்திக்கினு இருக்கறவன் வாயில ‘இல்ல’ன்ற வார்த்தயே வரக் கூடாதுய்யா. இல்லன்னு சொன்னா கஸ்டமர் எதிர்க் கடைக்குப் பூடுவான். பாக்கலாம்னு சொல்லு. பாக்கலாம்னு சொல்றதுல நமக்கு இன்னா நஷ்டம்?”

சொல்லிப் பார்த்தேன், வேலை செய்தது. தியாகதுருகத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது ஏக்கர் கரும்புக்காரர். மோட்டார் கொட்டகையில் தண்ணீர்த் தொட்டிக்குள் போனைப் போட்டுவிட்டு, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்து, கம்பெனி போன்தானே, கம்பெனியே மாற்றிக் கொடுக்கட்டும் என்று கடை அதிரக் கத்தினார். நான் எழுந்து நின்று, “பாக்கலாம்ணே, ஆபீசுக்கு எழுதறேன்” என்றேன். அவ்வளவுதான், குரல் இறங்கிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தேன். போகும்போது பதினைந்தாயிரத்துக்குப் புது போன் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். தொட்டியில் விழுந்த போனைப் பற்றி அப்புறம் அவர் கேட்கவே இல்லை. மேனேஜர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். நானும் பெரிய ஆள் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒன்றை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. அந்தக் கரும்புக்காரருக்கு நான் சொன்ன ‘பாக்கலாம்’ தேவையே இல்லை. அவரிடம் வேறு வழி இருந்தது. வேறு வழி இருக்கிறவர்களிடம் எந்தப் பொய்யையும் சொல்லலாம், அவர்கள் அதை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அறுநூறு ரூபாய் போன் வந்தது. பட்டன் போன்தான், ஆனால் நம் கம்பெனியின் புது சிம் வேலை செய்யும். அதன் அசல் விலை ஆயிரத்து எண்ணூறு. கம்பெனி ஆயிரத்து இருநூறைத் தன் கையிலிருந்து போட்டு அறுநூறுக்குக் கொடுத்தது. மாதாமாதம் ரீசார்ஜில் எடுத்துவிடலாம் என்ற கணக்கு. கூடவே ஒரு வேடிக்கையான நிபந்தனை. பழைய போன் ஒன்றைக் கொடுக்க வேண்டும், அது செத்த போனாக இருந்தாலும் பரவாயில்லை.

கல்வராயன் மலையில் கேம்ப் போட்டோம். கச்சிராயபாளையம் வழியாக வேன் மேலே ஏறும், வெள்ளிமலைச் சந்தையில் குடை விரிப்போம், மைக்கை என் கையில் கொடுத்துவிடுவார்கள். எனக்கு மைக் என்றால் கொஞ்சம் மயக்கம் உண்டு.

“ஒடஞ்ச போனு, செத்த போனு, எது இருந்தாலும் கொண்டாங்க. கூட அறுநூறு ரூவா. புதுப் போன எடுத்துக்கினு போய்க்கினே இருங்க.”

இதைத்தான் நாள் முழுக்கச் சொன்னேன். மலையில் செத்த போனுக்குக் கிராக்கி வந்துவிட்டது. பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த போன், கூரையில் செருகி வைத்திருந்த போன் எல்லாம் வந்தன. ஒருவர் டிவி ரிமோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். சிரித்துக்கொண்டே அதையும் வாங்கிப் போட்டேன், டார்கெட் அப்படி. இடையில் ஒரு முறை மேனேஜரிடம், “சார், அசல் விலை ஆயிரத்து எண்ணூறு, இது ஒரு தபா தான்னு மைக்ல சொல்லிடலாமா?” என்று கேட்டேன். “எதுக்குய்யா? நல்லா போய்க்கினு இருக்கு, கொழப்பாத” என்றார். அதெல்லாம் படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. மைக்கில் இல்லை. மலையில் யாரும் படிவத்தின் அடியைப் படிக்கவில்லை, நானும் படித்துக் காட்டவில்லை.

ஒரு வருடம் கழித்து உடைந்த போன்கள் மலையிலிருந்து இறங்கி வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றோடும் கூடவே அறுநூறு ரூபாய் வந்தது. ஏமாற்ற வந்தவர்கள் இல்லை அவர்கள். உடைந்த போனும் அறுநூறு ரூபாயும் கொடுத்தால் புதுப் போன் கிடைக்கும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். என் குரல், என் மைக். நீங்கள் கவுன்ட்டரில் உட்கார்ந்து, இந்த ஜனங்களுக்கு ஒன்றும் புரிவதில்லை என்று சலித்துக்கொள்ளும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் புரிந்தது, நாம் சொன்னது அப்படியே புரிந்தது.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி அலமேலு. வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர். முப்பது வயது இருக்கும். தை மாதம், பொங்கல் ஆஃபர் கூட்டம் இன்னும் குறையாத ஒரு வெள்ளிக்கிழமை. காலை பஸ் பிடித்து வந்து வரிசையில் நின்று, முறை வந்ததும் போனையும் பணத்தையும் பக்கம் பக்கமாக வைத்தாள்.

“போன் பாறயில வுழுந்திடுச்சி சார். லைட்டே எரியல. எங்க ஊர்ல அந்தப் பாற மேல ஏறுனாத்தான் டவர் கெடைக்கும். இந்தாங்க போனு, இந்தாங்க அறுநூறு ரூவா.”

எனக்குப் பின்னால் மேசையில் அதே மாதிரிப் புதுப் போன்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஆயிரத்து எண்ணூறு என்று விலை ஒட்டியிருந்தது. திரும்பி அதைக் காட்டியிருக்கலாம். அம்மா, அந்த விலை முடிந்துவிட்டது, இப்போது இதுதான் விலை, அறுநூறுக்குக் கிடைக்கவே கிடைக்காது என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். ஆனால் ஏன் என்று கேட்பாள். கம்பெனி போட்ட ஆயிரத்து இருநூறைப் பற்றிச் சொல்ல வேண்டும், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்பாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் பத்துப் பேர்.

“ஆபீசுக்கு எழுதிப் போடறேம்மா. பாக்கலாம். அடுத்த வெள்ளிக்கெழம வாங்க.”

“எங்க வூட்டுக்காரரு...” என்று அவள் ஏதோ ஆரம்பித்தாள்.

“பாக்கலாம்மா. அடுத்து யாரு?”

அவள் நகர்ந்துவிட்டாள். பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள், உடைந்த போனையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்து எனக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

எழுதிப் போட்டது உண்மை. சிறப்புக் கோரிக்கை என்று கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் நான் எழுதிப் போட்ட எதுவும் நடந்ததில்லை, இதுவும் நடக்காது என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். நாம் ஏதோ செய்தோம் என்று நமக்கே காட்டிக்கொள்வதற்கு அந்தப் பக்கம் மிகவும் வசதியானது.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாள். பதில் வரவில்லை. பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை, கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் கூலி போய்விட்டது, பஸ் செலவு வேறு. போகும்போது மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். அவள் காட்டில் விளைந்த சாமை.

“எங்குளுக்காவ எழுதிப் போட்டிருக்கீங்க. வூட்ல ஆக்கிச் சாப்புடுங்க சார்.”

வாங்கிக்கொண்டேன். மனைவி உப்புமா செய்தாள். நன்றாக இருக்கிறது என்று இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பிள்ளைகளே, நீங்கள் லஞ்சம் வாங்கக் கூடாது என்று ட்ரெயினிங்கில் சொல்வார்கள். நடக்காத காரியத்துக்கு நன்றியை வாங்கிக்கொள்வதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரிந்து அது லஞ்சத்தைவிடக் கேவலம்.

மூன்றாவது வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு பதில் வந்துவிட்டது. திரை உடைந்தது உத்தரவாதத்தில் சேராது, இப்போதைய விலைக்கு வாங்கிக்கொள்ளச் சொல்லவும் என்று ஒரே வரி. வெள்ளிக்கிழமை அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்க, அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளாகவே பேசினாள்.

“இன்னும் வரலயா சார்? பரவால்ல, வர்றப்ப வரட்டும். எங்க வூட்டுக்காரரு கொடகுல மொளகு பறிக்கப் போயிருக்காரு. ஞாயித்திக்கெழமக்கி ஞாயித்திக்கெழம பேசுவாரு. மூணு ஞாயிறு பேசல. எங்க ஊர்லேர்ந்து அவரு மட்டுந்தான் போயிருக்காரு, வேற யாரு நம்பரும் அவருக்குத் தெரியாது. அவரு நம்பரு இந்த சிம்முல கீது. பக்கத்து வூட்டுப் போன்ல போட்டுப் பாத்தோம், அது பழைய போனு, இந்த சிம்ம எடுக்கல. இங்க எதுலனா ஒரு நிமிசம் போட்டுக் குடுத்தீங்கன்னா நாலு வார்த்த பேசிட்டுப் பூடுவேன்.”

கவுன்ட்டர் மேல், அவள் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, அதே மாதிரி போன் ஒன்று சுருள் வயரில் கட்டிக் கிடந்தது. வருகிறவர்கள் அமுக்கிப் பார்ப்பதற்கான டெமோ போன். மூன்று வெள்ளிக்கிழமையும் அது அங்கேதான் கிடந்தது. மூன்று வெள்ளிக்கிழமையும் அவள் அதன் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு எந்தப் போன் வேண்டும் என்று நான் எழுதிப் போட்டேனே தவிர, எதற்கு வேண்டும் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. முதல் நாள் அவளே சொல்ல வந்தபோது அடுத்து யார் என்று கேட்டவன் நான்.

சிம்மைக் கழற்றி டெமோ போனில் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டவர் எடுத்ததும் மெசேஜ்கள் விழ ஆரம்பித்தன. போன் அணைந்திருந்தபோது யார் கூப்பிட்டார்கள் என்று சொல்லும் மெசேஜ்கள். எல்லாம் ஒரே எண்ணிலிருந்து. “அவரு நம்பரு தான் சார்” என்று அலமேலு சொன்னாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. “பாருங்க, எத்தினி தபா போட்டிருக்காரு.”

நான் அந்த எண்ணைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். ஹலோ என்றாள், இரண்டு முறை யார் என்று கேட்டாள். கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. “யாரோ வேற ஆளு பேசறாரு, வெளங்கல. நீங்க கேளுங்க சார்” என்று என்னிடம் நீட்டினாள்.

பேசியவன் ரிஷிவந்தியம் பக்கத்துப் பையன். அலமேலுவின் புருஷனோடு ஒரே எஸ்டேட்டில் வேலை செய்கிறவன். நான் யார் என்று சொன்னதும் அழுதுவிட்டான்.

“நாலு நாளா போட்டுக்கினே இருக்கோம் சார். செவ்வாக்கெழம மொளகு ஏணியிலேர்ந்து வுழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில அலமேலு அலமேலுன்னு கேட்டுக்கினே இருந்தாரு. நேத்து ராத்திரி போயிட்டாரு சார்.”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தான்.

“ஊருக்கு எடுத்துக்கினு போறதா, இங்கயே பொதைக்கறதான்னு கேக்கறாங்க. மொதலாளி வண்டி தரேன்றாரு. அக்கா ஒரு வார்த்த சொன்னா போதும் சார், ஏத்திக்கினு வந்துடுவோம். இருட்டறதுக்குள்ள சொல்லணும்.”

இதுதான் அந்த நேரம். உங்கள் வேலையில் இப்படி ஒரு நேரம் வரும், வராமல் போகாது. எதிரில் அலமேலு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கல்யாண ஜோடி போனுக்கு உறை தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறது. ரோஜாப்பூ நிறமா, நீலமா என்று அந்தப் பெண் கேட்கிறாள். நான் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். சொன்னால் அவள் அங்கேயே விழுந்து அழுவாள். அழுதபிறகு, எடுத்துக்கினு வாங்க என்று போனில் ஒரு வார்த்தை சொல்வாள். வண்டி கிளம்பிவிடும். மறுநாள் விடிவதற்குள் அவன் மலைக்கு வந்துவிடுவான்.

“இன்னா சார் சொல்றாரு?” என்று கேட்டாள்.

“ஒடம்பு கொஞ்சம் சரியில்லயாம்மா. ஆஸ்பத்திரியில இருக்காராம். வூட்ல ஆம்பளைங்க யாருனா இருந்தா கையோட கூட்டிக்கினு வாங்க. பாக்கலாம்.”

அந்தச் சொல் தானாக வந்தது. பழகின வாய். கூட்டத்துக்கு நடுவில் தனியாக நிற்கிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது, வீட்டு ஆண்கள் யாராவது வந்தால் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் நன்றாகத்தான் இருந்தது. பயந்தவனுக்குக் காரணம் எப்போதும் நன்றாகத்தான் கிடைக்கும்.

அப்புறம் பெரிய வீரன் மாதிரி ஒன்று செய்தேன். கத்தரிக்கோலை எடுத்து டெமோ போனின் வயரை வெட்டி, சிம்மோடு அதை அவள் கையில் கொடுத்தேன். “இந்த நம்பருக்கே சாயந்தரம் போடுப்பா, இப்போ வேல செய்யுது” என்று அந்தப் பையனிடம் சொல்லி வைத்தேன். மூன்று வெள்ளிக்கிழமையாகக் கொடுக்க முடியாத போனை மூன்று நொடியில் கொடுத்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. அலமேலு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்ற கவலையோடு, ஆனால் அவன் இருக்கிறான் என்ற எண்ணத்தோடு, இரண்டு மணி பஸ்ஸில் மலைக்குப் போனாள்.

சாயந்திரம் ஐந்தரை மணிக்கு யாருக்கோ பில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாறை மேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும் என்று முதல் நாளே அவள் சொல்லியிருக்கிறாள். உடனே அவள் நம்பரைப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல், நம் கம்பெனியின் குரல்தான், திரும்பத் திரும்பச் சொன்னது. ரிஷிவந்தியம் பையன் பேசிய எண்ணை நான் எழுதி வைக்கவில்லை. பேசியது அவள் சிம்மிலிருந்து, அந்த எண் அவளோடு மலைக்குப் போய்விட்டது. கடைசி பஸ்ஸைப் பிடித்து வெள்ளிமலை போகலாமா என்று யோசித்தேன். அங்கிருந்து அவள் ஊருக்கு வழி தெரியாது என்று உட்கார்ந்துவிட்டேன். கேட்டுக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை.

அவள் வீட்டுக்குப் போய், சுள்ளி வெட்டப் போயிருந்த கொழுந்தனைத் தேடிக் கண்டுபிடித்து, காலை பஸ்ஸுக்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், குடகில் அந்தப் பையன்கள் போன் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் எஸ்டேட் ஓரத்தில் அவனைப் புதைத்துவிட்டார்கள். மறுநாள் விடியற்காலை பஸ்ஸுக்கு நடந்து வரும் வழியில், பாறை மேல் ஏறிக் கொழுந்தன் போன் போட்டிருக்கிறான். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இதெல்லாம் மலைக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் எனக்குச் சொன்னார். அவர்கள் என் கடைக்கு வரவில்லை. வருவதற்கு என்ன இருக்கிறது?

அந்த மாதம் எனக்கு ஒரு மெமோ வந்தது. டெமோ போன் ஒன்று காணவில்லை, விளக்கம் தரவும். பதினாறு வருடத்தில் எனக்கு வந்த ஒரே மெமோ. தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். சம்பளத்தில் ஆயிரத்து எண்ணூறு பிடித்தார்கள். மற்றதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. கேட்பதற்கு அதில் விதி மீறல் ஒன்றும் இல்லை. வாடிக்கையாளரிடம் மரியாதையாகப் பேசியிருக்கிறேன், கோரிக்கையைப் பதிவு செய்திருக்கிறேன், மூன்று முறையும் வணக்கம் சொல்லியிருக்கிறேன்.

மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். “நீ இன்னா பண்ணுவ, வுடு” என்றார். அந்த ஆறுதலை ஏற்றுக்கொள்ள நான் எவ்வளவோ முயன்றேன். ஒட்டவில்லை.

உங்களுக்கு என்ன சொல்வது? விலையை முதலில் சொல்லுங்கள். சலுகை விலை என்றால் அசல் விலை எவ்வளவு, மீதியை யார் கொடுக்கிறார்கள், உடைந்தால் என்ன ஆகும் என்பதை விற்கும்போதே சத்தமாகச் சொல்லுங்கள். நடக்காததை நடக்காது என்று அன்றைக்கே சொல்லுங்கள். கத்துவார்கள், திட்டுவார்கள், எதிர்க் கடைக்குப் போவார்கள். போகட்டும். எதிர்க் கடைக்குப் போவதும் ஒரு வழிதானே. நாம் அந்த வழியையும் அடைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறோம். இதையெல்லாம் நான் சொல்கிறேன், நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்றும் தெரியும். உங்களுக்கும் டார்கெட் இருக்கிறது, உங்களுக்கும் ஒரு மேனேஜர் இருக்கிறார், வரிசையில் எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள். போன மாதம் ஒரு வேலையாக ஷோரூமுக்கு வந்திருந்தேன். உங்களில் ஒரு பெண் ஒரு கிழவரிடம் பாக்கலாம் தாத்தா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்த முகம், இனிமையான குரல். நான் வெளியே வந்துவிட்டேன்.

அலமேலுவின் புருஷனைப் புதைத்து இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மலைக்குப் போயிருந்தேன். வெள்ளிமலையில் இறங்கி, கேட்டுக்கொண்டே நடந்தேன். முக்கால் மணி நேரம்தான். அன்றைக்குச் சாயந்திரம் கிளம்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பதை ஒவ்வொரு அடியிலும் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

அலமேலு வாசலில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். துணியில் சுற்றிய டெமோ போனைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“ஒங்க கடை போனு சார். சிம்ம எடுத்துக்கினேன்.”

வைத்துக்கொள்ளுங்கள், இது உங்களுடையதுதான் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். சொம்பைக் கீழே வைத்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவளே கேட்டாள்.

“ஆபீசுக்கு எழுதிப் போட்டீங்களே, அது இன்னா ஆச்சு சார்?”

நான் மூன்று வெள்ளிக்கிழமையும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். “கெடைக்காதுன்னு வந்துடுச்சிம்மா. அது கெடைக்காதுன்னு எழுதிப் போடறப்பவே எனக்குத் தெரியும்.”

அவள் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு, எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னாள்.

“மொத நாளே சொல்லியிருக்கலாமே சார். ஆட்ட வித்து வாங்கியிருப்பேனே.”

வீட்டை ஒட்டிய பலா மரத்தடியில் இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன. நான் எழுந்து வரும்வரை தழையைத் தின்றுகொண்டிருந்தன.